பாபினுக்குத் தோண்டிய குழி

ஷீலாவுக்கும் முதல் மாடி ஜெயராமுக்கும் பேச்சு நின்றுபோனதற்குக் காரணம் ஓர் உண்ணி. மிளகு அளவுகூட இராது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவர் படியிறங்கி வரும்போது வெள்ளை வேட்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டது. மனிதர் அதை ஒரு துண்டுக் காகிதத்தில் பிடித்துக்கொண்டு, நேராகக் கீழ்த்தளத்துத் தையல் கடை வாசலுக்கு வந்து நீட்டினார்.

"ஏம்மா, இது உன் நாய் குடுத்த பிரசாதம். பாக்காம விட்டிருந்தா ஆத்துக்குள்ள போயிருக்கும். நாயை ஒழுங்காக் கவனி. முடியாதுன்னா எங்கேயாவது கொண்டு விட்டுடு."

முதல் பாதியை மட்டும் சொல்லிவிட்டுப் போயிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. இரண்டாம் பாதிதான் வினை. ஷீலா கல்யாண வீட்டு ஜாக்கெட் ஒன்றுக்குக் கை வைத்துக்கொண்டிருந்தாள். கத்தரியை மேஜைமேல் போட்டுவிட்டு எழுந்தாள். மந்தைவெளியின் அந்தச் சந்தில் அவளிடம் வாயைக் கொடுத்து மீண்டவர்கள் குறைவு.

"இன்னா சார், வுட்டுடுன்னு சொல்லிக்கினு கீறே? ஒன் வேட்டில பூச்சி ஏறுனா எம் புள்ளைய வெரட்டணுமா? மாடிப்படி ஒன் பேருக்கா பட்டா போட்டு கீது?"

சந்தே வேடிக்கை பார்த்தது. குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர், வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர் ஜெயராம், அந்தக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். பிறகு மாடியேறிப் போய்விட்டார். அதோடு சரி. அன்றிலிருந்து படியில் எதிரெதிரே வந்தால் அவர் சுவரைப் பார்ப்பார், இவள் தெருவைப் பார்ப்பாள்.

அவர் உருப்படியாகச் சொன்ன அந்த முதல் பாதியும் சண்டையோடு சேர்ந்து குப்பைக்குப் போயிற்று. பாபினின் காது மடலுக்குள்ளே, விரலிடுக்கிலே உண்ணிகள் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்ததை ஷீலா விரித்துப் பார்க்கவே இல்லை.

பாபின் என்பது தையல் மெஷினுக்கு அடியில் சுற்றுமே, அந்தச் சின்ன நூல்கண்டின் பெயர். வெட்டுத் துணி மூட்டைக்குள் கண்ணே சரியாகத் திறக்காமல் கிடந்த பழுப்புக் குட்டி, மூட்டையைப் பிரித்தபோது நூல் சுற்றிக்கொண்டு உருண்டு வந்ததால் அப்படிப் பெயர் வைத்தாள். பெடலுக்குப் பக்கத்திலேயே படுப்பான். அவள் மிதிக்க மிதிக்க அவன் வால் ஆடும். கடைக்குப் பின்னால் ஒரே அறைதான் வீடு. புருஷன் எங்கே போனான் என்று தெரியாது. தெரிந்துகொள்ள அவளும் மெனக்கெடவில்லை. ஆக, அவள் சாப்பிட்டாளா என்று முகத்தைப் பார்க்கும் ஜீவன் பாபின் ஒருவன்தான். அதிலும் தனக்குப் பங்கு உண்டா என்கிற கவலைதான் அதிகம். ஆனாலும் பார்ப்பான் அல்லவா?

தீபாவளி மழை ஓய்ந்த கையோடு பாபின் சோற்றை முகர்ந்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டான். ஷீலா சூடு என்று நினைத்து மோர் வைத்தாள். அடுத்த நாள் அவன் கடை ஓரத்தில் காலைத் தூக்கக்கூடத் தெம்பில்லாமல் நின்றபடியே விட்ட சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் ஓடியது. வாயைத் திறந்து பார்த்தால் ஈறு சுண்ணாம்பு அடித்த சுவர்போல் வெளுத்துக் கிடந்தது. அவள் போட்ட கூச்சலில் எதிர்க்கடை அன்வர் பாஷா கறிக்கத்தியோடு ஓடிவந்தார். நிலைமையைப் பார்த்ததும் கத்தியை வைத்துவிட்டு நாயைத் தூக்கி ஆட்டோவில் போட்டார்.

ஆழ்வார்பேட்டையில் டாக்டர் கீர்த்தியின் மருத்துவமனை ஒரு வீட்டின் முன்பகுதிதான். கீர்த்திக்கு முப்பது வயதுதான் இருக்கும். குரலை உயர்த்தவே மாட்டாள். முதலில் காதுக்குள் பார்த்தாள். ஒவ்வோர் உண்ணியாகச் சாமணத்தால் எடுத்து ஸ்பிரிட் இருந்த புட்டியில் போட்டாள். ரத்தம் எடுத்து, குச்சி போன்ற மெல்லிய கண்ணாடிக் குழாயில் ஏற்றி, ஒரு மெஷினில் வைத்துச் சுற்றவிட்டாள். சுற்றி முடித்து வெளியே எடுத்த குழாயை ஷீலாவின் கண்ணுக்கு நேரே காட்டினாள். அடியில் ஒரு துளி சிவப்பு. மேலே நின்ற நீரும் தெளிவாக இல்லை, ஊறுகாய் எண்ணெய்போல் சிவந்து கலங்கியிருந்தது.

"அடியில இருக்கிறதுதான் அக்கா சிவப்பணு. நல்லா இருக்கிற நாய்க்கு நாற்பது பக்கம் இருக்கணும். இவனுக்குப் பதினொண்ணு. மேல இருக்கிற தண்ணி சிவந்திருக்கு பாருங்க, அது உடைஞ்சுபோன அணுவோட சாயம். அதுதான் சிறுநீர்லயும் இறங்குது. ரத்தத்தை உறைய வைக்கிற பிளேட்லெட்டும் ரொம்பக் கம்மி."

"உண்ணி அவ்ளோ ரத்தத்தையா குடிச்சிரிச்சு?"

"உண்ணி குடிச்சது கொஞ்சம்தான். அது கடிச்ச வழியா ஒரு கிருமி உள்ள போயிருக்கு. இப்ப பாருங்க, உங்க பில்டிங்ல திருட்டு நடந்துச்சுன்னு வைங்க. திருடன் குடியிருக்கிறவங்களோட ஒட்டிக்கிட்டு உள்ள வந்தான். வாட்ச்மேனுக்கு ஆத்திரம். திருடனைத் தேடித் தேடி, கடைசியில வீட்டுக்காரங்களையே பிடிச்சு அடிக்க ஆரம்பிச்சுட்டான். இவன் உடம்புல காவலுக்கு இருக்கிற சக்தி அப்படித்தான் செய்யுது. இவனோட சொந்த ரத்தத்தையே எதிரின்னு நினைச்சு உடைச்சுத் தள்ளுது."

"அந்த வாட்ச்மேன் கையில இருக்குற தடிய மொதல்ல புடுங்குங்க டாக்டரம்மா," என்றாள் ஷீலா. கீர்த்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அதுக்குத்தான் ஸ்டீராய்டு. கிருமிக்கு வேற மாத்திரை. ஆனா ரெண்டும் வேலை செய்றவரைக்கும் இவன் தாங்கணுமே. ரத்தம் ஏத்தணும். பெரிய நாய் ஒண்ணு வேணும்."

அன்வர் பாஷா பெருமையோடு நெஞ்சை நிமிர்த்தினார். அவர் கடையை நம்பிப் பிழைக்கும் கறுப்பன், எலும்பும் ஜவ்வுமாகத் தின்று கன்றுக்குட்டி அளவு இருந்தான். பரிசோதித்ததில் கிருமி எதுவும் இல்லை. இரண்டு ரத்தத்தையும் கலந்து பார்த்ததில் சண்டையும் இல்லை. மேஜையில் கறுப்பன் கோழிக்கால் ஒன்றை நக்கிக்கொண்டே படுத்திருக்க, அவன் ரத்தம் பைக்குள் இறங்கி, பையிலிருந்து பாபினுக்குள் இறங்கியது. அன்று முதல் அன்வர் பாஷா கடைக்கு வந்தவர்களிடம், "நம்ம கறுப்பன் ப்ளட் குடுத்தவன், தெரியுமா?" என்று கேட்காமல் கறி வெட்டியதில்லை.

பாபின் தலையைத் தூக்கினான். ஆனால் கீர்த்தி எச்சரித்துத்தான் அனுப்பினாள். ஸ்டீராய்டு போட்டால் அகோரப் பசி வரும், வாளித் தண்ணீரைக் குடிப்பான், கண்ட இடத்தில் போவான். வயிறு புண்ணாகாமல் இருக்க இன்னொரு மாத்திரை. உப்பில்லாத கோழிச் சோறு தவிர வேறெதுவும் கூடாது.

இதெல்லாம் சந்துக்குத் தெரியுமா? 'பிளேட்லெட்' என்ற ஒரு சொல்தான் சந்தை எட்டியது. டெங்குக் காலத்தில் ஊரே படித்துப் பட்டம் வாங்கிய பாடம் அது. மறுநாளே பூக்கார முனியம்மாள் பப்பாளி இலையை அரைத்து ஒரு டம்ளர் கொண்டுவந்தாள். பின்தெரு ஷகீலா நிலவேம்புக் கஷாயத்தோடு வந்தாள். அன்வர் பாஷா ஈரல் அனுப்பினார். எல்லோருக்கும் நல்ல மனசு. பாபினுக்கு நல்ல பசி. அத்தனையும் உள்ளே போய், அத்தனையும் வெளியே வந்தது. வாந்தியெடுத்து வாந்தியெடுத்து அவன் மறுபடி துவண்டுபோனான்.

அன்று மாலையே ஷீலா வீடு வீடாகப் போனாள். "காலுல வுழுந்து கேட்டுக்குறேன். எம் புள்ளைக்கு யாரும் எதுவும் குடுக்காதீங்க. தண்ணி கூட நாந்தான் குடுப்பேன்." ஒவ்வொரு கதவையும் தட்டினாள். சத்தியம் வாங்கினாள். அன்வர் பாஷா காதைப் பிடித்துக்கொண்டார். தட்டாமல் விட்டது ஒரே ஒரு கதவைத்தான். நாயை எங்கேயாவது கொண்டுபோய் விடச் சொன்ன மனுஷனா அதற்குச் சோறு போடப் போகிறார்?

அடுத்த முறை குழாயில் சிவப்பு பதினெட்டு வரை ஏறியிருந்தது. ஷீலா அங்கேயே கையெடுத்துக் கும்பிட்டாள். கீர்த்திக்கு அவ்வளவு சந்தோஷம் இல்லை.

"ஏறியிருக்கிறது கறுப்பன் குடுத்ததா, இவனே உண்டாக்கினதான்னு இன்னும் தெரியலை அக்கா. மறுபடி சிறுநீர் சிவப்பாப் போனா, உள்ள உடைக்கிறது நிக்கலைன்னு அர்த்தம். அப்ப இன்னொரு தடவை ரத்தம் ஏத்துறது சுலபம் இல்ல. முதல் தடவை உடம்பு சும்மா இருக்கும். இப்ப அது அந்நிய ரத்தத்தைப் பாத்து வச்சிருக்கு. அடுத்த தடவை அதையும் சேர்த்து அடிக்கும்."

அவன் முன்காலில் ஊசி குத்திக் குத்தி முடி சிரைத்த இடம் கன்றிப்போயிருந்தது. அந்த இடத்தையே ஷீலா தடவிக்கொண்டிருந்தாள்.

"அப்பிடி ஆச்சுன்னா நானே கொண்டாந்துட்றேன். தூங்க வச்சிடுங்க. எனக்கோசரம் அவன இழுத்துப் புடிச்சு வச்சிக்கினு கீறது நாயம் இல்ல," என்றாள். சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள். சண்டைக்காரி அழுது கீர்த்தி அன்றுதான் பார்த்தாள்.

அதற்குப் பிறகு வந்த நாட்கள் நன்றாகத்தான் இருந்தன. பாபின் எழுந்து நடந்தான். ஒருநாள் காலை மாடிப்படியே ஏறினான். ஷீலாவுக்குப் பூரிப்பு ஒரு பக்கம், வயிற்றெரிச்சல் ஒரு பக்கம். ஏறுகிறவன் எதிரி வீட்டு வாசலுக்கா ஏற வேண்டும்? மொசைக் தரை சில்லென்று இருக்கும், அதற்காகப் போகிறான் என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள். தினமும் காலையில் மேலே மிக்ஸி அலறி ஓயும். ஓய்ந்ததும் பாபின் எழுந்து உடம்பை முறுக்கிவிட்டு மாடிக்குப் போவான். கொஞ்ச நேரத்தில் நாக்கைச் சுழற்றிக்கொண்டு இறங்கி வருவான். ஜெயராம் வந்து கத்துவார், நாலு கேள்வி கேட்டுவிடலாம் என்று ஷீலா காத்திருந்தாள். ஒரு சத்தமும் வரவில்லை. அவளுக்கு அதுவும் ஒரு ஏமாற்றம்.

பிறகு அந்த வெள்ளிக்கிழமை வந்தது. ஷீலா மயிலாப்பூர்ச் சந்தையில் கோழி வாங்கிக்கொண்டு திரும்பியபோது, பாபின் தன் படுக்கையில் தூங்கிக்கொண்டிருந்தான். படுக்கை என்றால் வெள்ளை லைனிங் துணிதான். அவன் வாயருகே துணியில் சிவப்பாக ஒரு திட்டு. பல்லிடுக்கில் ரத்தம் கசிந்தால் பிளேட்லெட் விழுந்துவிட்டது என்று கீர்த்தி சொல்லியிருந்தாள். உதட்டைத் தூக்கிப் பார்க்கவே அவளுக்குத் துணிச்சல் வரவில்லை. பாபின் எழுந்தான், சோம்பல் முறித்தான், வாசல் கம்பத்தோரம் போய்க் காலைத் தூக்கினான்.

சிவப்பு. பட்டுச் சேலை நனைந்த தண்ணீர்போல் அப்பட்டமான சிவப்பு.

ஷீலா கத்தவில்லை. மெஷினுக்கு உறை போட்டாள். அவனுக்குப் பிடித்த இடத்தில், காதுக்குப் பின்னால், கொஞ்ச நேரம் சொறிந்துவிட்டாள். பிறகு எதிர்க்கடைக்குப் போய், "பாய், முடிஞ்சுபோச்சு. நான் கூட்டிக்கினு போறேன். இவன வைக்க ஒரு எடம் பாத்து வையி," என்றாள்.

அன்வர் பாஷா கண்ணைத் துடைத்துக்கொண்டு கடையின் ஷட்டரைப் பாதி இறக்கினார். செயலாளரிடம் கேட்டுவிட்டு வந்து, "பின்னால முருங்க மரத்தாண்ட தோண்டிக்கோன்னுட்டாரு ஷீலாம்மா. ஒரு வார்த்த மறுத்துப் பேசல," என்றார்.

"எப்பிடிப் பேசுவாரு? நாய் ஒழியுதுன்னா அவுருக்குக் கொண்டாட்டம்தான?" என்றாள் ஷீலா. பாபினை லைனிங் துணியோடு சேர்த்து வாரி எடுத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறினாள். வழியில் அவன் வெளியே தலையை நீட்டிக் காற்று வாங்கினான். லஸ் முனையில் நின்ற நாய்களைப் பார்த்துக் குரைக்கவும் செய்தான். ஒவ்வொரு குரைப்புக்கும் அவள் நெஞ்சு அறுந்தது.

கீர்த்தியிடம் அதிகம் பேச வேண்டியிருக்கவில்லை. "செவப்பாப் போய்ட்டான் டாக்டரம்மா. வாயிலயும் ரத்தம். இனிமே ரத்தம் எடுக்கறது, குத்தறது எதுவும் வேணாம். நோவாம அனுப்பிச்சுடுங்க." கீர்த்தி ஏதோ சொல்ல வாயெடுத்து, ஷீலாவின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டாள். உள்ளே போய் மருந்தோடு வந்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, பாபினின் தலையைத் தடவக் குனிந்தாள். குனிந்தவள் அப்படியே நின்றாள்.

சிவப்புத் திட்டின் ஓரத்தில், துணியோடு ஒட்டிக்கொண்டு, கருப்பாக உருண்டையாக ஒன்று இருந்தது.

"இன்னும் உண்ணியா!" கீர்த்தியின் குரல் முதல்முறையாக உயர்ந்தது. இத்தனை மருந்துக்குப் பிறகும் ஓர் உண்ணி உயிரோடு இருக்கிறதென்றால் அவளுடைய வைத்தியத்துக்கே அவமானம். சாமணத்தை எடுத்து அதைக் கவ்விப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். கால் இல்லை. நகத்தால் நசுக்கினாள். ரத்தம் வரவில்லை. மூக்கருகே கொண்டுபோனாள்.

"அக்கா, இது கடுகு."

"இன்னாது?"

"கடுகு. தாளிச்ச கடுகு." துணியை இழுத்து முகர்ந்தாள். இன்னொரு முறை ஆழமாக முகர்ந்தாள். "ரத்தம்னு சொன்னீங்களே, ரத்தத்துக்குப் பெருங்காய வாசனை வருமா?"

"நான் இன்னாத்துக்கு நாய்க்குத் தாளிச்சுக் கொட்றேன்? உப்பில்லாத கோழிச் சோறு, நீங்க சொன்ன மாரியே..." ஷீலா சொல்லி முடிப்பதற்குள் கீர்த்தி பாபினின் மேலுதட்டைத் தூக்கிவிட்டாள். ஈறு இளஞ்சிவப்பாக, ஈரமாக, பளபளவென்று இருந்தது. கட்டைவிரலால் அழுத்தினாள். வெளுத்தது, உடனே சிவந்தது.

"காலையில இருந்து வாயைத் திறந்து பாக்கலையா அக்கா?"

"பயந்துகினு பாக்கல."

ஊசி மருந்து மேஜை ஓரத்துக்கு ஒதுங்கியது. "இன்னும் ஒரே ஒரு தடவை குத்திக்கிறேன். கடைசியா," என்று கீர்த்தி கேட்டாள். ஷீலா மறுக்கவில்லை. குழாய் மெஷினுக்குள் போனது. மெஷின் சுற்றிக்கொண்டிருந்த நேரத்தில் இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. பாபின் மட்டும் மேஜையின் இரும்பில் தன் முகத்தைப் பார்த்து வாலாட்டிக்கொண்டிருந்தான். அவன் அங்கேயே விட்ட சிறுநீரில் கீர்த்தி நனைத்த பரிசோதனைப் பட்டையில், ரத்தம் இருந்தால் பச்சையாக மாற வேண்டிய கட்டம் பேசாமல் மஞ்சளாகவே நின்றது.

மெஷின் நின்றது. கீர்த்தி குழாயை எடுத்துப் பார்த்தாள். அளவுப் பலகையில் வைத்துப் பார்த்தாள். பிறகு அந்த அடக்கமான டாக்டர், வெளியே காத்திருந்த பூனைகளெல்லாம் கூடைக்குள் பதுங்கும்படி கத்தினாள்.

"முப்பத்தொண்ணு! அக்கா, முப்பத்தொண்ணு!"

ஷீலாவின் கண்ணெதிரே குழாய் வந்தது. அடியில் கெட்டியாகச் சிவப்பு, அன்று பார்த்ததைப்போல் மூன்று மடங்கு உயரம். அதற்கு மேலே நின்ற நீர் கண்ணாடிபோல் தெளிந்திருந்தது. உடைந்த சாயம் ஒரு பொட்டு இல்லை. "இது கறுப்பன் குடுத்தது இல்ல. அது இந்நேரம் கரைஞ்சு போயிருக்கும். இது முழுக்க இவன் சொந்தமா உண்டாக்கினது. வாட்ச்மேன் தடியைக் கீழ போட்டுட்டான்."

"அப்ப அந்தச் செவப்பு?"

"யாரோ பீட்ரூட் குடுத்திருக்காங்க. தயிர்ல போட்டு, தாளிச்சு, பச்சடியா. வயித்துக்கு ஒரு மாத்திரை குடுத்தேனில்ல, அது கூடச் சேர்ந்தா சாயம் செரிக்காம அப்படியே சிறுநீர்ல இறங்கும். உங்க தெருவுல யாரு பீட்ரூட்ல கடுகு தாளிக்கிறாங்க?"

ஷீலா வாயைத் திறந்தாள். எல்லா வீட்டிலும் சத்தியம் வாங்கியாயிற்று. எல்லா வீட்டிலுமா? காலையில் மேலே அலறும் மிக்ஸி அவள் காதுக்குள் ஒரு சுற்றுச் சுற்றியது. நாக்கைச் சுழற்றிக்கொண்டு படியிறங்கும் பாபினும் கண்முன் வந்தான்.

"ஐயையோ," என்று மேஜையைப் பிடித்துக்கொண்டாள். "அந்த ஒரு வூட்லதான் நான் சொல்லவே இல்ல."

சிரித்தாள். அழுதாள். பாபினின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து, நெற்றியில், மூக்கில், மீசையில் முத்தம் கொடுத்தாள். கீர்த்தி, "மாத்திரையைப் படிப்படியாத்தான் குறைக்கணும், இன்னும் மாசக்கணக்கு இருக்கு, உடனே நிறுத்திடாதீங்க," என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். பிறகு தானும் குனிந்து பாபினைக் கட்டிக்கொண்டு, "ஆனா இன்னைக்கு ஜெயிச்சுட்டோம்டா," என்றாள்.

அன்வர் பாஷாவுக்குப் போன் செய்து சொல்லலாம். ஷீலா செய்யவில்லை. போனில் சொன்னால் எவன் நம்புவான்? நேரில் காட்ட வேண்டும். ஆட்டோ சந்துக்குள் திரும்பியபோது அன்வர் பாஷா கடையின் ஷட்டர் இன்னும் பாதி இறங்கித்தான் இருந்தது. முனியம்மாள் சாமந்தி மாலை ஒன்றைக் கட்டி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள்தான் முதலில் பார்த்தாள். ஆட்டோவின் பக்கவாட்டில் ஒரு பழுப்புத் தலை நீண்டு, நாக்கைத் தொங்கவிட்டு வந்தது.

"அடியே ஷீலா! உசுரோட கீறான்டீ!"

அவ்வளவுதான். சந்து விழித்துக்கொண்டது. ஷகீலா பின்தெருவிலிருந்து செருப்பில்லாமல் ஓடிவந்தாள். சவத்துக்குக் கட்டிய மாலை கல்யாண மாலையாகி பாபினின் கழுத்தில் விழுந்தது. கறுப்பன் வந்து அவனைத் தலையிலிருந்து வால்வரை முகர்ந்து, தன் ரத்தம்தான் என்று உறுதிசெய்துகொண்டவன்போல் பக்கத்திலேயே நடந்தான். முன்னால் இரண்டு நாய், பின்னால் சந்து. ஷீலா யாரிடமும் நின்று பேசவில்லை. கட்டிடத்துக்குப் பின்பக்கம் நடந்தாள்.

முருங்கை மரத்தடியில் குழி ஆழமாக, ஒழுங்காக வெட்டப்பட்டிருந்தது. அன்வர் பாஷா மண்வெட்டியை ஊன்றி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். அவருக்கு எதிரே, இன்னொரு மண்வெட்டியோடு, பனியனும் வேட்டியுமாக ஜெயராம் நின்றார். உண்ணி ஒன்று ஏறியதற்கு ஊரைக் கூட்டிய அந்த வெள்ளை வேட்டி முழங்கால்வரை சேறாகியிருந்தது. குழியின் கரையில், வாழையிலை போட்டு மூடிய ஒரு கிண்ணம். போகிற உயிருக்குப் பிடித்ததைக் கடைசியாக வைப்பார்கள் அல்லவா, அந்தப் படையல்.

பாபினுக்கு வாசனை எட்டியது. மாலை பறக்க ஓடி, குழியை ஒரே தாவலில் தாண்டி, இலையை மூக்கால் தள்ளிவிட்டுக் கிண்ணத்துக்குள் முகத்தைப் புதைத்தான். உள்ளே இளஞ்சிவப்பு நிறத்தில் தயிர் சாதம். மேலே கடுகு மினுங்கியது. ஜெயராமின் கையிலிருந்து மண்வெட்டி நழுவியது.

"இருக்கானா? பகவானே, இருக்கானா?"

"கீறான் சார்," என்றாள் ஷீலா. "இந்தச் சோறுதான் அவனக் கொல்லப் பாத்துது. பீட்ரூட்டு சாயம் எறங்குனத ரத்தம்னு நெனச்சு, ஊசி போடக் கொண்டு போய்ட்டேன். ஊசி கைல எடுத்தாச்சு சார். கையில!"

ஜெயராமின் முகத்தில் ரத்தமே இல்லை. தட்டுத்தடுமாறிக் குழியின் கரையில் உட்கார்ந்துவிட்டார். "எனக்குத் தெரியாதும்மா. சத்தியமாத் தெரியாது. எனக்கு ஹீமோகுளோபின் ரொம்ப இறங்கிப்போய், நாலு படி ஏறினா கண் இருட்டிண்டு வரும். டாக்டர் பீட்ரூட் சாப்பிடுன்னார். தினம் நான் அரைச்சு வச்சுண்டு உக்காருவேன். இவன் வந்து வாசல்ல நின்னுண்டு பார்த்தான். நாலு படிக்கு ஒருதரம் நின்னு நின்னு, மூச்சு வாங்கிண்டு ஏறி வந்திருக்கான். ரத்தம் இல்லாத கஷ்டம் எனக்குத் தெரியும். தினம் ஒரு வாய் போடுவேன். இன்னிக்குத்தான் பாதியை அவனுக்குப் போட்டேன். உன்னண்ட சொல்லியிருக்கணும். நாமதான் பேசறதில்லையே."

ஷீலா தொண்டைவரை வந்த அத்தனை வசவையும் விழுங்கினாள். அவளுக்கு அது பழக்கமில்லாத வேலை.

"நானுந்தான் சார் சொல்லல. சந்துல எல்லா கதவையும் தட்டுனேன், உங்க கதவைத் தட்டல. அதுக்கு முன்னாடி நீங்க உண்ணின்னு சொன்னீங்க. அதையும் நான் காதுல வாங்கல." நீ என்பது நீங்கள் ஆனதை அன்வர் பாஷா கவனித்து, வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். "முப்பத்தொண்ணு சார் அவனுக்கு. பதினொண்ணுலேந்து முப்பத்தொண்ணு!"

"முப்பத்தொண்ணா!" ஜெயராம் எழுந்தே விட்டார். அந்த எண்ணுக்கு அர்த்தம் தெரியாவிட்டாலும், ஏறியது என்பது அவருக்குத் தெரியும்.

கிண்ணம் பளபளவென்று காலியாயிற்று. பாபின் நிமிர்ந்து, மீசையில் ஒட்டியதை நக்கிக்கொண்டு, முருங்கை மரத்தருகே போனான். பின்னால் சந்தே வந்து நின்றது. எல்லோர் முன்னிலையிலும் காலைத் தூக்கினான். தனக்கென்று தோண்டிய குழிக்குள்ளேயே சளசளவென்று விட்டான்.

சிவப்புத்தான்.

ஷீலா அந்தச் சிவப்பைப் பார்த்தாள். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அன்வர் பாஷா சிரித்தார். ஜெயராம் கண்ணில் நீர் வழிய, சேற்றுக் கையால் முகத்தைத் துடைத்துத் துடைத்து மூக்கெல்லாம் மண்ணாக்கிக்கொண்டு சிரித்தார். எதற்கென்று தெரியாமல் பின்னால் நின்றவர்களும் கை தட்டினார்கள். பாபின் தன் வேலைக்கு இவ்வளவு பாராட்டு கிடைத்ததே இல்லை என்பதுபோல் எல்லோரையும் திரும்பிப் பார்த்தான்.

அன்வர் பாஷா மண்வெட்டியை எடுத்துக் குழியை மூடத் தொடங்கினார். ஷீலா இடுப்பிலிருந்து மாத்திரை அட்டையை உருவி ஜெயராமின் கையில் வைத்தாள்.

"இனிமே பீட்ரூட் வேணாம் சார். காலை மாத்திரை மட்டும் நீங்க குடுங்க. எப்பிடியும் மேலதான வரப்போறான்."